மறையாத புள்ளிகள்: ஓர் அறிகுறியின் எடை மாறிய கதை

காய்ச்சலோடு இருக்கும் குழந்தையின் தோலில் சிவப்பாகவோ ஊதாவாகவோ சிறு புள்ளிகள் தென்படுகின்றன. ஒரு கண்ணாடி டம்ளரின் பக்கவாட்டை அவற்றின் மேல் வைத்து அழுத்தினால், கண்ணாடி வழியே புள்ளிகள் அப்படியே தெரிகின்றன, மறையவில்லை. பிரிட்டனில் பிள்ளை வளர்க்கும் பெற்றோர் பலருக்கும் அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று தெரியும்: உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். மெனிங்கோகாக்கல் நோயாக இருக்கலாம் என்ற அச்சமே காரணம். பெற்றோருக்கான அந்த அறிவுரை இன்றும் சரியானதுதான். குழந்தை வந்து சேர்ந்த பிறகு மருத்துவர் என்ன செய்ய வேண்டும் என்பது வேறு கேள்வி. உடனே ஆன்டிபயாடிக் ஊசி போடுவதா, ரத்தம் எடுத்துப் பார்ப்பதா, சில மணி நேரம் கண்காணித்துவிட்டு வீட்டுக்கு அனுப்புவதா? கடந்த முப்பது ஆண்டுகளில் அதிகம் மாறியிருப்பது இந்தக் கேள்விக்கான விடை.

இந்த அறிகுறிக்கு ஒன்றுக்கொன்று எதிரான இரண்டு குறைகள் உண்டு. மறையாத புள்ளிகளோடு வரும் குழந்தைகளில் மிகப் பெரும்பாலோருக்கு மெனிங்கோகாக்கல் நோய் இல்லை. மெனிங்கோகாக்கல் நோய் உள்ள குழந்தைகளில் பலருக்கோ முதல் சில மணி நேரத்தில் அந்தப் புள்ளிகளே இல்லை. ஆகவே புள்ளியைக் கண்டதும் நோய் என்று முடிவு கட்டுவதும் தவறு. புள்ளி இல்லை என்று நிம்மதி அடைவதும் தவறு. இந்த இரண்டு தவறுகளுக்கும் நடுவில் மருத்துவம் எப்படி வழி தேடியது என்பதைத் தொகுத்துப் பார்ப்பதே இக்கட்டுரை.

டம்ளர் கேட்கும் கேள்வி

நோய்க்குக் காரணம் நைசீரியா மெனிஞ்சைட்டிடிஸ் என்ற பாக்டீரியா. சுருக்கமாக மெனிங்கோகாக்கஸ் என்பார்கள். 1805இல் ஜெனீவாவில் பரவிய கொள்ளைநோயை மருத்துவர் காஸ்பார் வியுஸ்யூ பதிவு செய்தார். நோயைப் பற்றிய முதல் தெளிவான விவரிப்பாக அது கருதப்படுகிறது. 1887இல் வியன்னாவில் அன்டன் வைக்செல்பௌம் நோயாளிகளின் மூளைத் தண்டுவட நீரில் இக்கிருமியைக் கண்டறிந்தார். பெரியவர்களில் ஏறத்தாழ பத்தில் ஒருவரின் மூக்கிலும் தொண்டையிலும் இது எந்தத் தொந்தரவும் தராமல் குடியிருக்கிறது. பதின்பருவத்தினரிடம் இன்னும் அதிகம். மிக அபூர்வமாக அது சளிச்சவ்வைத் தாண்டி ரத்தத்துக்குள் இறங்குகிறது. அங்கிருந்து மூளையைச் சுற்றியுள்ள உறையைத் தாக்கினால் மூளையுறை அழற்சி. ரத்தத்திலேயே பெருகினால் செப்சிஸ். இரண்டும் சேர்ந்தும் வரலாம்.

ரத்தத்தில் பெருகும்போது கிருமி தன் வெளியுறையிலிருந்து நச்சுப்பொருளை உதிர்க்கிறது. சிறு ரத்த நாளங்களின் உட்சுவர் அதனால் பழுதாகிறது. ஒருபக்கம் நாளத்துக்குள் நுண்ணிய உறைகட்டிகள் உண்டாகின்றன; மறுபக்கம் உறைதலுக்கான பொருள்கள் தீர்ந்துபோய், சேதமடைந்த சுவர் வழியே ரத்தம் கசிகிறது. தோலில் அது புள்ளியாகத் தெரிகிறது. இரண்டு மில்லிமீட்டருக்கு உட்பட்டவற்றைப் பெட்டீக்கியா என்றும், அதைவிடப் பெரியவற்றைப் பர்ப்யூரா என்றும் மருத்துவர்கள் சொல்கிறார்கள்.

சாதாரண வைரஸ் காய்ச்சலில் வரும் தடிப்பு வேறு வகை. அங்கே நாளங்கள் விரிந்து கூடுதலாக ரத்தம் ஓடுவதால் தோல் சிவக்கிறது. அழுத்தினால் ரத்தம் விலகி நிறம் மறைந்துவிடும். நாளத்தை விட்டு வெளியேறிய ரத்தத்தை அப்படி விலக்க முடியாது. டம்ளர் சோதனையின் அறிவியல் இவ்வளவுதான். ரத்தம் நாளத்துக்கு வெளியே வந்துவிட்டதா என்பது மட்டுமே அது கேட்கும் கேள்வி. ஏன் வந்தது என்று அது சொல்லாது.

ஏன் என்பதற்கு விடைகள் பல. கடுமையாக இருமினாலோ வாந்தியெடுத்தாலோ தலை, கழுத்துப் பகுதியின் சிரைகளில் அழுத்தம் ஏறி, முகத்திலும் கழுத்திலும் மார்பின் மேற்பகுதியிலும் புள்ளிகள் தோன்றலாம். என்டெரோவைரஸ், அடினோவைரஸ் போன்ற சாதாரண வைரஸ்கள் பலவற்றால் வரலாம். ரத்தத் தட்டணுக்கள் குறையும் ஐ.டி.பி. நோயில், குழந்தை ஓடியாடிக்கொண்டிருக்கும்போதே உடலெங்கும் புள்ளிகளும் கன்றிய தடங்களும் காணப்படும். ஹெனாக்–ஷோன்லைன் பர்ப்யூராவில் பின்புறத்திலும் கால்களிலும் தடித்த ஊதாப் புள்ளிகள், கூடவே மூட்டுவலி, வயிற்றுவலி. அரிதாக ரத்தப் புற்றுநோய். சில சமயம் அடி, அழுத்தம் போன்ற காயங்கள். அவற்றில் ஒரு பகுதி, குழந்தையை யாரோ துன்புறுத்தியதன் தடயமாகவும் இருக்கலாம். இந்த நீண்ட பட்டியலில் மெனிங்கோகாக்கஸ் ஒன்று மட்டுமே. ஆனால் இதில் மணிக்கணக்கில் உயிரைப் பறிக்கக்கூடியவை மிகச் சில. அவற்றில் முதலிடம் அதற்கு.

அச்சம் வேரூன்றிய காலம்

அந்த அச்சம் வெறும் கற்பனையில் பிறக்கவில்லை. 1980களில் இங்கிலாந்தின் குளோஸ்டர்ஷயர் மாவட்டத்தில், குறிப்பாக ஸ்ட்ரௌட் நகரைச் சுற்றி, மெனிங்கோகாக்கல் நோய் தொடர்ந்து பலரைத் தாக்கியது. பாதிக்கப்பட்ட குடும்பங்கள் கூடி 1986இல் மெனிஞ்சைட்டிஸ் டிரஸ்ட் என்ற அமைப்பைத் தொடங்கின. பிறகு வந்த தொண்டு அமைப்புகளும் அரசும் டம்ளர் சோதனையை வீடுதோறும் கொண்டுசேர்த்தன. 1990களின் இறுதியில் மெனிங்கோகாக்கஸின் வகைகளில் ஒன்றான சி வகைக் கிருமி மாணவர்களையும் இளைஞர்களையும் கொன்றுகொண்டிருந்தது. 1999–2000 பருவத்தில் இங்கிலாந்தில் உறுதிசெய்யப்பட்ட நோயாளிகள் 2,500க்கும் அதிகம். நல்ல சிகிச்சை கிடைத்தும் பத்தில் ஒருவர் அளவுக்கு இறந்தார்கள். பிழைத்தவர்களில் சிலர் கேட்கும் திறனை இழந்தார்கள். சிலருக்கு விரல்களோ கைகால்களோ அகற்றப்பட்டன.

இப்படிப்பட்ட காலத்தில் மருத்துவர்களுக்குக் கற்பிக்கப்பட்ட விதி எளிமையானது: காய்ச்சலும் மறையாத புள்ளிகளும் சேர்ந்திருந்தால், வேறு காரணம் நிரூபிக்கப்படும்வரை அது மெனிங்கோகாக்கஸ். ஊசி முதலில், கேள்விகள் பிறகு. தவறவிட்டால் ஓர் உயிர் போகும். தேவையின்றிப் போட்டால் ஒரு குழந்தை இரண்டு நாள் மருத்துவமனையில் தங்க நேரும். இந்தக் கணக்கில் விதியை யாரும் குறைசொல்லவில்லை.

விதிக்கு அடியில் ஒரு கணிப்பு இருந்தது. புள்ளிகளோடு வரும் குழந்தைகளில் எத்தனை பேருக்கு உண்மையில் அந்த நோய் இருக்கிறது என்பதே அது. அந்தக் கணிப்பை அளந்து பார்த்த ஆய்வுகளை வரிசையாக வைத்தால் கதை தெளிவாகும்.

பத்தில் ஒன்று, எழுபதில் ஒன்று

டென்மார்க்கில் 1990களில் காய்ச்சலும் ரத்தக்கசிவுத் தடிப்பும் கொண்ட 264 குழந்தைகளை நீல்சன் குழுவினர் ஆராய்ந்தார்கள். 15 சதவீதத்தினருக்கு மெனிங்கோகாக்கல் நோய். இங்கிலாந்தின் நாட்டிங்ஹாமில் மறையாத புள்ளிகளோடு வந்த 218 குழந்தைகளைப் பற்றி வெல்ஸ் குழுவினர் 2001இல் வெளியிட்ட ஆய்வில் 24 பேருக்கு, அதாவது 11 சதவீதத்தினருக்கு, அந்நோய் உறுதியானது. கடலுக்கு அப்பால் பாஸ்டனில் நிலைமை வேறு. அங்கே காய்ச்சலும் பெட்டீக்கியாவும் கொண்ட 411 குழந்தைகளைப் பற்றி மாண்டல் குழுவினர் 1997இல் வெளியிட்டார்கள். ரத்தத்தில் பாக்டீரியாவோ செப்சிஸோ இருந்தது எட்டுப் பேருக்கு மட்டும், இரண்டு சதவீதம்கூட இல்லை. எல்லா பாக்டீரியாக்களையும் சேர்த்துக் கிடைத்த எண் இது.

இந்த ஆய்வுகள் குழந்தைகளைத் தேர்ந்தெடுத்த முறை ஒன்றல்ல. சில காய்ச்சலைக் கட்டாயமாக்கின, சில இல்லை. ஆகவே எண்களை அப்படியே ஒப்பிட முடியாது. ஆனாலும் ஒன்று புலப்படுகிறது: ஒரே புள்ளி, ஊரைப் பொறுத்து வேறு வேறு எடை கொண்டிருக்கிறது.

ஊரைப் போலவே காலமும் எடையை மாற்றியது. 1999 நவம்பரில் சி வகைக்கு எதிரான இணைப்புத் தடுப்பூசியைத் தேசியத் திட்டத்தில் சேர்த்த முதல் நாடு பிரிட்டன். சில ஆண்டுகளுக்குள் சி வகை நோய் ஏறத்தாழ மறைந்தது. 2015இல் பதின்பருவத்தினருக்கு ஏ, சி, டபிள்யூ, ஒய் ஆகிய நான்கு வகைகளுக்கான தடுப்பூசி. அதே ஆண்டு செப்டம்பரில் கைக்குழந்தைகளுக்கு பி வகைத் தடுப்பூசி. இதைத் தேசிய அட்டவணையில் சேர்த்ததிலும் பிரிட்டன்தான் முதல். முதல் மூன்று ஆண்டுகளில், தடுப்பூசி பெறும் வயதுக் குழந்தைகளிடம் பி வகை நோய் எதிர்பார்த்ததைவிட 75 சதவீதம் குறைந்தது. கொரோனாவுக்கு முந்தைய 2018–19 பருவத்தில் இங்கிலாந்து முழுவதும் எல்லா வயதினரையும் சேர்த்து நோயாளிகள் சுமார் 500 பேர்.

நோய் குறைந்தது; புள்ளிகளோடு வரும் குழந்தைகள் குறையவில்லை. இருமலும் வாந்தியும் அடினோவைரஸும் இருந்த இடத்திலேயே இருந்தன. இந்த இடைவெளியை அளந்தது ‘குழந்தைகளில் பெட்டீக்கியா’ என்ற ஆய்வு. பெல்ஃபாஸ்ட் குவீன்ஸ் பல்கலைக்கழகத்தின் தாமஸ் வாட்டர்ஃபீல்ட் தலைமையில், பிரிட்டனில் 37 குழந்தைகள் அவசரப் பிரிவுகள் 2017 நவம்பர் முதல் 2019 ஜூன் வரை இதில் பங்கேற்றன. ஆய்வில் சேர்க்கப்பட்ட 1,329 குழந்தைகளில் மெனிங்கோகாக்கல் நோய் உறுதியானது 19 பேருக்கு. நாட்டிங்ஹாம் காலத்தில் ஏறத்தாழ பத்தில் ஒன்றாக இருந்தது இப்போது எழுபதில் ஒன்று. புள்ளியின் தோற்றம் மாறவில்லை, டம்ளர் மாறவில்லை. தடுப்பூசி அதன் பொருளை மாற்றிவிட்டது.

எட்டு வழிகாட்டிகளும் ஒரு தராசும்

வாட்டர்ஃபீல்ட் குழுவினர் அந்த எண்ணிக்கையோடு நிற்கவில்லை. பிரிட்டனில் பயன்பாட்டில் இருந்த எட்டு வழிகாட்டி நெறிகளை எடுத்து, இதே குழந்தைகளுக்கு ஒவ்வொன்றையும் பின்பற்றியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கணக்கிட்டார்கள். நோயுள்ள 19 பேரையும் எட்டு வழிகாட்டிகளும் பிடித்தன, ஒருவரும் தப்பவில்லை. வேறுபாடு தெரிந்தது மறுபக்கத்தில். நோயில்லாத குழந்தைகளில் எத்தனை பேரைச் சிகிச்சையின்றி விட்டுவைக்க முடிந்தது? தேசிய அமைப்பான நைஸ் வகுத்த அப்போதைய நெறிகளைக் கண்டிப்பாகப் பின்பற்றினால் கிட்டத்தட்ட ஒருவரையும் விட முடியாது, எல்லோருக்கும் ஊசி. லண்டனின் பார்ட்ஸ் ஹெல்த் மருத்துவமனைக் குழுமத்தின் நெறியோ 36 சதவீதத்தினரை விட்டுவைத்தது. நோயில்லாத 1,310 குழந்தைகளில் அது ஏறத்தாழ 470 பேர். அத்தனை குழந்தைகளுக்கு ஊசி மிச்சம். அத்தனை பெற்றோருக்கு, கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் ரத்தப் பரிசோதனை முடிவுக்காகக் காத்திருக்கும் இரவுகள் மிச்சம்.

தேவையற்ற சிகிச்சை இலவசம் அல்ல. சிறு குழந்தையின் கையில் சிரை தேடிக் குத்த வேண்டும், சிலருக்கு முதுகில் ஊசியிட்டுத் தண்டுவட நீர் எடுப்பார்கள், படுக்கைகள் நிரம்பும், செஃப்ட்ரியாக்ஸோன் போன்ற பரந்த வீச்சு ஆன்டிபயாடிக்கைப் பழக்கமாகப் பயன்படுத்தினால் கிருமிகளின் எதிர்ப்புத் திறன் வளரும். பெற்றோர் மனதில் ‘என் பிள்ளைக்கு மூளைக்காய்ச்சல் வரப் பார்த்தது’ என்ற வடு தங்கிவிடும். அடுத்த காய்ச்சலுக்கும் அதே பதற்றம்.

இருந்தாலும் அந்த முடிவை அளவோடுதான் கொண்டாட வேண்டும். 19 பேரில் 19 பேரையும் பிடித்தது என்பது நூறு சதவீதம் போலத் தோன்றும். ஆனால் எண்ணிக்கை சிறியது. புள்ளியியல் கணக்கின்படி உண்மையான திறன் 82 சதவீதம் வரை குறைவாக இருக்கவும் இடமுண்டு. நோய் அரிதாக ஆக, பாதுகாப்பை நிரூபிக்கப் போதிய நோயாளிகளே கிடைக்க மாட்டார்கள். தடுப்பூசியின் வெற்றி ஆய்வாளர்களுக்குத் தந்த சங்கடம் இது.

2024 மார்ச்சில் நைஸ் தன் பழைய நெறியை நீக்கிவிட்டுப் புதியதை வெளியிட்டது. மெனிங்கோகாக்கல் நோயை வலுவாகச் சந்தேகிக்கச் சொல்லும் நிலைமைகள் அதில் குறிப்பாக வரையறுக்கப்பட்டுள்ளன: இரண்டு மில்லிமீட்டரைவிடப் பெரிய ரத்தக்கசிவுப் புள்ளிகள், வேகமாகப் பெருகும் அல்லது பரவும் புள்ளிகள், புள்ளிகளோடு சேர்ந்து மூளையுறை அழற்சியின் அறிகுறிகள். புள்ளி இருக்கிறதா என்ற கேள்வி, எவ்வளவு பெரியது, எவ்வளவு வேகம், எதோடு சேர்ந்து வருகிறது என்ற கேள்விகளாக விரிந்திருக்கிறது. தடிப்பு இல்லை என்பதால் மட்டும் இந்நோயை விலக்கிவிடக் கூடாது என்றும் அதே நெறி சொல்கிறது.

படுக்கையருகே பார்க்க வேண்டியவை

ஆய்வுகளையும் நெறிகளையும் சேர்த்துப் படித்தால் ஒரு வரிசை கிடைக்கிறது.

முதலில் குழந்தை. புள்ளிகளைப் பார்ப்பதற்கு முன்பே மருத்துவர் பார்க்க வேண்டியது இது. எரிச்சல், சோர்வு, தோலை அழுத்தி விட்டபின் நிறம் திரும்பத் தாமதமாவது ஆகிய மூன்றும் ஆபத்தைக் காட்டும் என்று 2000ஆம் ஆண்டிலேயே பிரோகனும் ராஃபிள்ஸும் எழுதினார்கள். விரலால் ஐந்து விநாடி அழுத்திவிட்டு எடுத்தால் இரண்டு விநாடிக்குள் நிறம் திரும்ப வேண்டும். அதிவேக நாடித்துடிப்பு, விரைந்த மூச்சு, சில்லிட்ட கைகால்கள், கூப்பிட்டால் சரியாகக் கவனிக்காத நிலை ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் புள்ளியின் அளவைப் பற்றி விவாதிக்க நேரமில்லை. சிகிச்சை உடனே தொடங்க வேண்டும். பாஸ்டன் ஆய்விலும் பிரிக்கும் கோடு இங்கேதான் விழுந்தது: பார்வைக்கே நோயாளியாகத் தெரிந்த குழந்தைகள் ஒருபக்கம், நன்றாக இருந்தவர்கள் மறுபக்கம்.

அடுத்து புள்ளியின் அளவு. பர்ப்யூரா இருந்தால், அதிலும் காய்ச்சலோடு இருந்தால், கதை வேறு. நாட்டிங்ஹாம், டென்மார்க் ஆய்வுகள் இரண்டும் பெரிய புள்ளிகளுக்குக் கூடுதல் எடை தந்தன.

மூன்றாவது, இடம். மார்பின் மேற்பகுதி, கழுத்து, முகம் ஆகியவற்றோடு புள்ளிகள் நின்றிருந்து, குழந்தை வாந்தியோ கடும் இருமலோ எடுத்திருந்து, மற்றபடி நன்றாக இருந்தால் ஆபத்து மிகக் குறைவு. வயிறு, கால்கள் என்று கீழே இறங்கினால் அந்த விளக்கம் பொருந்தாது. இதைச் சரியாகச் சொல்ல வேண்டுமானால் குழந்தையின் உடையை முழுவதும் கழற்றிப் பார்க்க வேண்டும். டயப்பருக்குள்ளும் பார்க்க வேண்டும்.

நான்காவது, நேரம். எல்லாவற்றிலும் மலிவானதும் கூர்மையானதுமான பரிசோதனை இதுதான். இப்போதிருக்கும் புள்ளிகளைச் சுற்றிப் பேனாவால் கோடு போட்டுவிட்டுச் சில மணி நேரம் கழித்து மறுபடியும் பார்ப்பது. இந்தக் கிருமி காத்திருக்காது; நோய் இருந்தால் அந்த மணிகளுக்குள் புள்ளிகள் கோட்டைத் தாண்டும், குழந்தை மோசமாகும். மாறாமலே இருந்தால் நிம்மதிக்கான ஆதாரம் கூடுகிறது. நெரிசலான அவசரப் பிரிவில் ஒரு குழந்தையை நான்கு மணி நேரம் இருத்தி வைப்பது எளிதல்ல. ஆனால் ‘எதற்கும் ஊசி போட்டுவிடுவோம்’ என்பதற்கும் ‘ஒன்றுமில்லை, போங்கள்’ என்பதற்கும் நடுவே இருக்கும் நேர்மையான வழி அது.

ரத்தப் பரிசோதனை எவ்வளவு உதவும்? அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி., வெள்ளணு எண்ணிக்கை, உறைதல் நேரம், தட்டணு எண்ணிக்கை ஆகியவை படத்தை நிரப்புகின்றன. தட்டணு எண்ணிக்கையும் ரத்த அணுக்களின் தோற்றமும் ஐ.டி.பி.யையும் ரத்தப் புற்றுநோயையும் அடையாளம் காட்டும். அந்த ஒரு காரணத்துக்காகவே அவை பயனுள்ளவை. ஆனால் சி.ஆர்.பி. ஏற மணிக்கணக்கில் ஆகும். மிக வேகமாகத் தாக்கும் நோயில், குழந்தை மோசமாக இருக்கும்போதே முதல் அளவு இயல்பாக இருக்கக்கூடும். ஆகவே இயல்பான சி.ஆர்.பி. நன்றாக இருக்கும் குழந்தைக்குத் துணைச் சாட்சி. மோசமாக இருக்கும் குழந்தைக்கு அது விடுதலைப் பத்திரம் அல்ல. ரத்தத்தில் கிருமியின் மரபணுவைத் தேடும் பி.சி.ஆர். சோதனை 1990களின் பிற்பகுதியில் மான்செஸ்டரில் உள்ள தேசிய மெனிங்கோகாக்கல் ஆய்வகத்தில் வழக்கத்துக்கு வந்தது. ஊசி போட்ட பிறகு கிருமியை வளர்த்துப் பார்ப்பது தோற்றாலும் பி.சி.ஆர். நோயை உறுதி செய்யும். ஆனால் முடிவு வரும்போது முதல் முடிவுகளை எடுக்க வேண்டிய நேரம் கடந்திருக்கும். படுக்கையருகிலேயே ஒரு மணி நேரத்துக்குள் விடை தரும் லாம்ப் என்ற மரபணுச் சோதனையைப் பெல்ஃபாஸ்ட் குழுவினர் குழந்தைகளிடம் சோதித்து நம்பிக்கையான முடிவுகளைப் பெற்றிருக்கிறார்கள். எழுபதில் ஒருவரைத் தேடும் இன்றைய நிலையில் அத்தகைய கருவிக்குத் தேவை அதிகம்.

புள்ளிக்கு முந்தைய மணிகள்

இனி இரண்டாவது குறை. 2006இல் லான்செட் இதழில் மேத்யூ தாம்சன் குழுவினர் வெளியிட்ட ஆய்வு இதற்கான முக்கிய ஆதாரம். மெனிங்கோகாக்கல் நோய் கண்ட 448 குழந்தைகளின் பெற்றோரிடமும் மருத்துவப் பதிவுகளிலும் மணிவாரியாக விவரம் திரட்டினார்கள். அவர்களில் 103 குழந்தைகள் இறந்திருந்தார்கள். முதல் நான்கு முதல் ஆறு மணி நேரம் பெரும்பாலான குழந்தைகளுக்கு இருந்தவை சாதாரணக் காய்ச்சலின் அறிகுறிகள் மட்டுமே. ரத்தக்கசிவுத் தடிப்பு, கழுத்து விறைப்பு, நினைவு மங்கல் ஆகிய பாடப்புத்தக அறிகுறிகள் தோன்றிய இடைநிலை நேரம், நோய் தொடங்கியதிலிருந்து 13 முதல் 22 மணி. மருத்துவமனையில் சேர்த்த இடைநிலை நேரம் 19 மணி. பாடப்புத்தகத்துக்காகக் காத்திருந்தால் பாதி நேரம் போய்விடும்.

அதற்கு முன்பே வந்தவை வேறு மூன்று: கால்வலி, சில்லிட்ட கைகால்கள், தோல் வெளிறியோ திட்டுத்திட்டாகவோ மாறுவது. 72 சதவீதக் குழந்தைகளுக்கு இவற்றில் ஏதாவது ஒன்று இருந்தது. இடைநிலை நேரம் எட்டு மணி. காய்ச்சல் அடிக்கும் குழந்தையின் கைகால்கள் சில்லிட்டிருப்பது வேறு நோய்களிலும் காணக்கூடியதே; கால்வலி இன்ஃப்ளுயென்ஸாவிலும் உண்டு. ஆகவே இந்த மூன்றும் நோயை உறுதி செய்பவை அல்ல. மறுபடி பாருங்கள், சீக்கிரம் பாருங்கள் என்று எச்சரிப்பவை. இந்தக் குழந்தைகளில் ஏறத்தாழ பாதிப்பேர் மட்டுமே முதல் சந்திப்பிலேயே மருத்துவமனைக்கு அனுப்பப்பட்டார்கள். முதல் மருத்துவர்களின் கவனக்குறைவு என்று இதை எளிதாகத் தள்ளிவிட முடியாது. அந்த நேரத்தில் நோய் தன் முகத்தைக் காட்டியிருக்கவில்லை. ‘மோசமானால் இரவானாலும் திரும்ப வாருங்கள், எவையெல்லாம் மோசம் என்று இதோ’ என்று தெளிவாகச் சொல்லி அனுப்புவதுதான் அங்கே மருத்துவம். சிலருக்கு முதலில் வருவது அழுத்தினால் மறையும் தடிப்பு. சில மணி நேரத்தில் அது மறையாததாக மாறும். ஒருமுறை டம்ளரால் பார்த்து மறைந்தது என்றால் அது அந்த நேரத்துக்கான விடை மட்டுமே.

நிறம், ஊர்

டம்ளர் சோதனைக்கான விளம்பரப் படங்களில் நீண்ட காலம் வெள்ளைத் தோலே இருந்தது. கறுத்த, மாநிறத் தோலில் சிறு புள்ளிகள் எளிதில் கண்ணில் படுவதில்லை. லண்டனிலோ டொரண்டோவிலோ வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கும் இது நேரடியாகப் பொருந்தும். உள்ளங்கை, உள்ளங்கால், வாயின் மேல்தளம், கண்ணிமையின் உட்புறம் ஆகிய வெளிர் இடங்களில் தேட வேண்டும். நல்ல வெளிச்சத்தில் தேட வேண்டும். தோலில் தெரியவில்லை என்றால் குழந்தையின் நிலையே வழிகாட்டி.

தமிழ்நாட்டில் இதே புள்ளிக்கு எடை வேறு. இந்தியாவில் மெனிங்கோகாக்கஸ் இல்லாமல் இல்லை. டெல்லியில் 1966, 1985, 2005 ஆகிய ஆண்டுகளிலும், மேகாலயாவில் 2008–09இலும் பெருமளவில் பரவியிருக்கிறது. ஹஜ் யாத்திரை செல்வோருக்கு இதற்கெதிரான தடுப்பூசி கட்டாயம். ஆனால் சென்னையிலோ மதுரையிலோ காய்ச்சலும் மறையாத புள்ளிகளும் கொண்ட குழந்தை வந்தால் முதலில் நினைவுக்கு வருவது டெங்கு. ரத்த அழுத்தம் அளக்கும் பட்டையைக் கையில் கட்டி வைத்து, அதனால் புள்ளிகள் தோன்றுகின்றனவா என்று பார்க்கும் பழைய சோதனையே டெங்குவுக்காகப் பயன்பட்டு வந்தது. அடுத்து உண்ணிகளால் பரவும் ரிக்கெட்சியா நோய்கள். உள்ளங்கை, உள்ளங்காலைக்கூட விட்டுவைக்காத ஊதாத் தடிப்பு, சில சமயம் தோல் கருகுதல் என்று மெனிங்கோகாக்கஸைப் போலவே அவை வேடமிடும். செஃப்ட்ரியாக்ஸோன் ரிக்கெட்சியாவைத் தொடாது, டாக்ஸிசைக்ளின் வேண்டும். மோசமான குழந்தைக்கு லண்டனில் ஒரு மருந்து போதும் என்றால், இங்கே சில சமயம் இரண்டையும் சேர்த்தே தொடங்க வேண்டியிருக்கும். பிரிட்டன் வழிகாட்டியை அப்படியே இறக்குமதி செய்தால் தவறவிடக்கூடியது இதுதான். பிரிட்டனில் தடுப்பூசி புள்ளியின் பொருளை மாற்றியது என்றால், இங்கே கொசுவும் உண்ணியும் அதை மாற்றுகின்றன.

எஞ்சும் தீர்ப்பு

இத்தனை ஆய்வுகளுக்குப் பிறகு என்ன சொல்லலாம்? ஓர் அறிகுறியின் எடை தோலில் எழுதப்பட்டிருக்கவில்லை. அந்த ஊரில் அந்த ஆண்டில் அந்த நோய் எவ்வளவு இருக்கிறது என்பதைப் பொறுத்தது அது. எனவே வழிகாட்டிகளை ஒருமுறை எழுதிவிட்டு நிரந்தரமாக வைத்திருக்க முடியாது. தடுப்பூசி அட்டவணை மாறும்போதும், புதிய கிருமி வகை தலைகாட்டும்போதும், கொரோனா ஊரடங்கு முடிந்தபின் நோய் திரும்பியதுபோல் எண்கள் ஏறும்போதும் அவற்றை மறுபடி எடை போட வேண்டும். எழுபதில் ஒன்று என்பதும் ஒரு காலத்தின் எண்தான். அதையும் வேதமாக்கக் கூடாது.

மாறாதவையும் உண்டு. பார்வைக்கே மோசமாகத் தெரியும் குழந்தைக்குப் புள்ளி இருந்தாலும் இல்லாவிட்டாலும் சிகிச்சை தாமதிக்கக் கூடாது. பெரிய புள்ளிகளும் பரவும் புள்ளிகளும் எந்த ஊரிலும் அவசரம். நன்றாக இருக்கும் குழந்தையிடம் சில சிறு புள்ளிகள் மட்டுமே என்றால், அனுபவமுள்ள ஒருவர் உடையைக் கழற்றி முழுதாகப் பார்த்து, மணிகள் கழித்து மறுபடியும் பார்ப்பது, எல்லோருக்கும் ஊசி போடுவதைவிடக் கடினமான, ஆனால் மேலான மருத்துவம். பெற்றோருக்கான விதியில் மாற்றம் இல்லை: மறையாத புள்ளி கண்டால் உடனே காட்டுங்கள், புள்ளியே இல்லாமல் குழந்தை மோசமானாலும் உடனே காட்டுங்கள். எழுபதில் அறுபத்தொன்பது பேர் ஒன்றுமில்லை என்று கேட்டுத் திரும்புவார்கள். அவர்கள் வீணாக வந்தவர்கள் அல்ல. அவர்கள் எல்லோரும் வந்ததால்தான் எழுபதாவது குழந்தையும் நேரத்துக்கு வந்து சேர்கிறது.